தேன் கிணறும் வெள்ளைத் தொட்டியும்

போன கிழமை மூண்டு நாள் நான் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ள குடியிருந்தன்.

பகிடி இல்ல. நாலடி நீளம், ஒண்டரை அடி அகலம். தலையையும் ரெண்டு கையையும் உள்ளுக்கு விட்டு, மிச்ச ஆளை வெளியில வச்சுக்கொண்டு... முருங்கை மரத்துக்குக் கீழ. றோட்டால போற ஆக்கள் வேலிக்கு மேலால எட்டிப் பாத்திட்டுப் போனாங்க. ஒருத்தர் சைக்கிளையே நிப்பாட்டி, "என்னண்ணன், அடை இருக்கிறீங்களா?" எண்டு கேட்டார்.

பேப்பரில இந்தப் பத்தியை வழமையா வாசிக்கிற உங்களுக்கு நான் கை வச்ச சாமான்களிட கதி தெரியும். திருத்தப் போய் எரிஞ்ச ஃபேன், இறுக்கப் போய் ஒழுகின பைப்... எல்லாத்தையும் இதே இடத்தில எழுதி உங்களட்ட அழுதவன்தானே நான்? இந்தமுறை கதை வேற. இந்தமுறை நான் தோத்து வெண்டிருக்கிறன்.

எப்பிடி எண்டு கேளுங்க.

பாசிக்குடாவில ஒரு ஹோட்டல் — பேர் வேணாம். அங்க தோட்ட வேலை பாக்கிறவன் ராசன். பனிச்சங்கேணியில என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்ச கூட்டாளி. அவன் கோல் எடுத்தான். முன் ஹோலை மாத்திக் கட்டுறாங்களாம், பழைய மீன் தொட்டி ஒண்டைப் பின்னால தூக்கிப் போட்டிருக்கிறாங்களாம், கேட்டா சும்மா தருவாங்களாம்.

சும்மா எண்ட சொல்லைக் கேட்டா எனக்குக் காய்ச்சலோடயும் கால் எழும்பும். ஓடினன்.

ஓட்டோவிட பின் சீற்றில தொட்டி, தொட்டிக்குப் பின்னால நான். அப்பிடியே செங்கலடி வீடு வரைக்கும் வந்தன். சித்தாண்டியில தெரிஞ்ச ஒருத்தர் நிண்டார். நான் கண்ணாடிக்குப் பின்னால இருந்து கையைக் காட்டினன், பல்லையும் காட்டினன். மனிசன் என்னைப் பாத்த மாதிரியே தெரியயில்ல. பின்னேரம் கோல் எடுத்து, "ஓட்டோவில என்ன, ஐஸ் கட்டியா கொண்டு போனாங்க?" எண்டு கேக்கிறார்.

அவ்வளவு வெள்ளை.

அழுக்கு எண்டா கழுவினாப் போயிரும். இது அழுக்கு இல்ல. தண்ணி நிண்ட மட்டத்துக்குக் கோடு கோடா, பட்டை பட்டையா, கல்லாப் படிஞ்சு கிடக்கு. விரலால தடவினா அரத்தில தடவின மாதிரி. தண்ணியில கரைஞ்சு கிடக்கிற சுண்ணாம்பு, தண்ணி வத்த வத்தக் கண்ணாடியில ஒட்டிக்கொண்டு இறுகிப்போகுமாம். அந்தத் தொட்டியில எத்தினை வருசம் வத்தியிருக்கோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஏன் இந்த வயசில உனக்கு மீன் தொட்டி எண்டு நீங்க கேக்கலாம். நியாயம்தான்.

எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே... கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொண்டாட்டிட வீட்டுக்குப் போறது. வீடு அவட. வளவு அவட. தென்னை அவட. தென்னையால விழுந்து என்ட தலையைப் பதம் பாக்கிற மட்டையும் அவட. இருபத்தாறு வருசமா நான் அந்த வீட்டில மரியாதையா நடத்தப்படுற ஒரு விருந்தாளி. என்ட சொந்தச் சொத்து எண்டா ரெண்டே ரெண்டு — என்ட மூக்குக்கண்ணாடி, என்ட குறட்டை. மூண்டாவதா ஒரு மீன் தொட்டிக்கு ஆசைப்பட்டது பிழையா?

அந்த வீட்டில எல்லாத்துக்கும் மேல ஒரு சொத்து இருக்கு. கிணறு.

நான் பிறந்த பனிச்சங்கேணி, வாவிக்கும் கடலுக்கும் இடையில கிடக்கிற ஊர். எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில சோறு ஆக்கினா உப்புப் போடத் தேவையில்ல. தேத்தண்ணி ஊத்தினா அது ரசமா தேத்தண்ணியா எண்டு முடிவெடுக்கவே நேரம் போகும். அப்பிடியாப்பட்ட ஊரால பொம்பிளை பாக்க வந்த எங்கட அப்பா, இந்தக் கிணத்துத் தண்ணியை ஒரு கிளாஸ் குடிச்சார். மறுகா ஒண்டு. மறுகா இன்னொண்டு. கிளாஸை வச்சிட்டு, இந்தத் தண்ணிக்கே ஓம் எண்டு சொல்லலாம் எண்டார். பொம்பிளை இன்னும் அறையால வெளியில வரயில்ல.

அண்டையில இருந்து எனக்கு ஒரு பட்டம் — உப்புத்தண்ணி மாப்பிள்ளை. கறி கொஞ்சம் உறைப்பு எண்டு சொன்னா, உப்புத்தண்ணி குடிச்ச நாக்குக்கு என்ன தெரியும் எண்டு ஒரு பதில். மச்சான்மார், மச்சாள்மார், அவங்கட பிள்ளையள்... ஒருத்தரும் மிச்சம் விடயில்ல. இருபத்தாறு வருசமா இந்த வீட்டில தண்ணி எண்டாத் தேன். அதில மறு பேச்சு இல்ல.

இனித் தொட்டிக்கு வாறன்.

நான் தொட்டியை இறக்கின நேரம் பிழையான நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கட மகள் சுபாவுக்கு நாள் வைக்க மாப்பிள்ளைட தாயும் தகப்பனும் களுவாஞ்சிக்குடியால வரப்போறாங்க. பொடியனும் சுபாவும் வந்தாறுமூலைக் கம்பஸில ஒண்டாப் படிச்ச ஆக்கள். அவங்களே பாத்து, அவங்களே கதைச்சு, அவங்களே முடிவெடுத்து, கடைசியா எங்களுக்கும் அறிவிச்சாங்க. தகப்பன் மட்டும் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தார். வீடு வாசலை அளந்து பாக்க வரயில்லையாம். பொடியன் வந்து இருக்கப்போற வீடு எண்டபடியா, தண்ணி நல்லமா எண்டு மட்டும் பாத்தாப் போதுமாம்.

அதைக் கேட்ட நாள் தொடக்கம் என்ட மனிசி மனோ சிரிச்ச முகத்தோட திரிஞ்சா. தண்ணியா? எங்களட்டயா? எண்ட மாதிரி.

அந்தச் சிரிப்பு தொட்டியைக் கண்டதோட போயிட்டு.

"இஞ்சேருங்க. சம்மந்தி வீட்டார் வாற நேரம் ஹோலில இது நிண்டா, இந்த வீட்டுத் தண்ணியைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கண்ணாடி கண்ணாடியாத் தெரியோணும். இல்லாட்டி கோழியை விட்டு அடை வைப்பன்."

நான் விட்டுக்குடுக்கயில்ல. இது பாசிக்குடாத் தண்ணிட வேலை மனோ, எங்கட கிணத்துத் தண்ணியா இருந்தா இப்பிடிப் படியுமா எண்டு கேட்டன். 'எங்கட கிணறு' எண்டு சொல்ற அளவுக்கு எனக்குத் துணிவு வந்திட்டு, பாருங்க. மனோ குசினிக்குள்ள போயிட்டா. புகழ்ச்சியைத் தாங்க ஏலாமப் போறா எண்டு நான் நினைச்சன்.

புதன்கிழமை சவுக்காரத் தூளும் தும்பும். பின்னேரம் வரைக்கும் தேய்ச்சன். என்ட கை வெள்ளையாகிப் போயிட்டு, தொட்டி வெள்ளையாவே நிண்டிட்டு.

வியாழக்கிழமை சாம்பல். அதுக்கு மேல பல்லுத் தீட்டுற பேஸ்ட். தொட்டியில நல்ல புதினா வாசம் வந்தது, அவ்வளவுதான். ராசனுக்குக் கோல் எடுத்தன். அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னான். ஒரு மூலையில ரெண்டு இழுவை இழுத்துப் பாத்தன். வெள்ளை அப்பிடியே இருக்கு, அதுக்கு மேல புதுசாக் கீறலும் இருக்கு. கூட்டாளி எண்டா இவன்தான்.

வெள்ளிக்கிழமை பிளேட். இது கொஞ்சம் வேலை செய்தது. பிளேட்டைச் சரிச்சுப் பிடிச்சுச் சுரண்டினா ஒரு விரல் அகலத்துக்குப் பொருக்குப் பொருக்கா வந்திச்சு. எனக்கு வந்த உசாரில மூலை வரைக்கும் போயிட்டன். மூலையில கண்ணாடியும் கண்ணாடியும் சேருற இடத்தில ரப்பர் மாதிரி ஒரு பசை இருக்கும். அதை வெட்டினாத் தொட்டி தொட்டியா இருக்காது, நாலு யன்னல் கண்ணாடியாகிரும். பிளேட் அதில தொட்டுக்கொண்டு நிக்குது...

"தள்ளுங்க."

பின்னால மனோ. ஒரு கையில ஆவி பறக்கிற சட்டி, மற்றக் கையில வினாகிரிப் போத்தில், கக்கத்துக்குள்ள நான் இடுப்பில உடுக்கிற சாறன். பழைய சாறன் இல்ல. நல்ல சாறன்.

சட்டிக்குள்ள தேசிக்காய்க் கோது. எங்கட குசினி யன்னல்ல எப்பவும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி இருக்கும். தேசிக்காய் பிழிஞ்சா மனோ கோதை எறியமாட்டா, அந்தப் பெட்டிக்குள்ள போடுவா. ஊறுகாய்க்கு எண்டு நான் நினைச்சிருந்தன். இத்தினை வருசத்தில அந்த வீட்டில தேசிக்காய் ஊறுகாய் ஒருநாளும் சாப்பிடயில்லையே எண்டு எனக்கு ஏன் யோசனை வரயில்ல? நான் அப்பிடித்தான். சாப்பாட்டுக் கோப்பைக்கு அங்கால என்ட மூளை போறதில்ல.

"நட்டமா நிக்கிற கண்ணாடியில புளி நிக்குமா? படுக்கப் போடுங்க."

படுக்கப் போட்டன். வெள்ளை பிடிச்ச பக்கம் இப்ப நிலம் மாதிரி கிடைமட்டமாக் கிடக்கு. கோது அவிச்ச தண்ணி ஆறினதும் அதில வினாகிரியைக் கலந்தா. என்ட சாறனைக் கிழிச்சு அதுக்குள்ள தோய்ச்சா. கண்ணாடிக்கு மேல நோயாளிக்குப் போர்த்துற மாதிரி விரிச்சா. காயாம இருக்க அதுக்கு மேல சொப்பிங் பேக்கை வெட்டிப் போட்டா. இனித் தேய்க்க வேணாம், போய்த் தேத்தண்ணி குடியுங்க எண்டா.

ஒரு மணித்தியாலம். துணியைத் தூக்கினா கல்லு மாதிரி இருந்த வெள்ளை மாப்பசை மாதிரிக் கிடக்கு. பழைய ஃபோன் கார்ட் ஒண்டால வழிச்சன். வழுக்கிக்கொண்டு வருகுது! மூண்டு நாள் நான் மல்லுக்கட்டின சாமான், வெண்ணெய் வழிக்கிற மாதிரி... அந்தப் பக்கத்தால முருங்கை மரம் தெரியுது. மரத்தில இருக்கிற மயிர்க்கொட்டியும் தெரியுது.

இப்பிடியே ஒவ்வொரு பக்கமாத் திருப்பித் திருப்பிப் போட்டம். சனிக்கிழமை மத்தியானம் தொட்டி எண்டு ஒண்டு அங்க இருக்கா இல்லையா எண்ட சந்தேகம் வாற அளவுக்கு வந்திட்டு. இது எப்பிடி மனோ உனக்குத் தெரியும் எண்டு கேட்டன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே எண்டா, முகத்தைப் பாக்காம.

நான் கிணத்தால மூண்டு வாளி அள்ளி, தொட்டியை உள்ளையும் வெளியையும் அலசி, வெயில்ல காய வச்சிட்டு, சுபாவைக் கூப்பிடப் போனன். அப்பாட திறமையை வந்து பார் மகள் எண்டு. திறமை ஆரிட எண்டு விளக்கப்படுத்த இப்ப நேரமா?

எங்கட வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நானும் சுபாவும் வந்து சேர முதல் தொட்டி காஞ்சிட்டு. காஞ்ச தொட்டியில... வெள்ளைப் பொட்டு. ஒவ்வொரு தண்ணித் துளியும் இருந்த இடத்தில ஒவ்வொரு பொட்டு. ஆயிரம் பொட்டு. தொட்டிக்கு அம்மை போட்ட மாதிரி.

சுபா குனிஞ்சு ஒரு பொட்டை நகத்தால சுரண்டினா. மெதுவாக் கேட்டா, "அப்பா, இது பாசிக்குடாத் தண்ணி இல்லையே?"

நான் கிணத்தைப் பாத்தன். குசினி யன்னல்ல இருந்த ஐஸ்கிரீம் பெட்டியைப் பாத்தன். பெட்டிக்குப் பின்னால மனோ. ஒரு கிளாஸைத் துணியால துடைச்சுக்கொண்டு நிக்கிறா. அவ கிளாஸைக் கழுவிக் கவிட்டு வச்சு நான் ஒருநாளும் கண்டதில்ல. கழுவின கையோட துடைப்பா. துப்புரவான பொம்பிளை எண்டு நான் எல்லாரிட்டயும் பெருமையாச் சொல்லியிருக்கிறன்.

"மனோ," எண்டன். "தண்ணி சுட வைக்கிற எங்கட கேத்தில் ஏன் ஒருநாளும் வெள்ளை பிடிக்கிறதில்ல?"

துடைச்ச கை நிண்டிட்டு. மனோ மற்றப் பக்கம் கிறுகினா. தோள் குலுங்குது. அழுறா எண்டு பதறிப்போய் ஓடினன். பாத்தா... சிரிக்கிறா. சீலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கொண்டு, கண்ணால தண்ணி வர வரச் சிரிக்கிறா.

பிறகு சொன்னா. கலியாணம் முடிஞ்ச மற்ற நாள் காலையிலயே அவட அம்மா, என்ட மாமி, அவவைக் குசினிக்குள்ள கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாவாம் — கிணத்தைப் பாத்துத்தான் அவங்க ஓம் எண்டவங்க, மாப்பிள்ளைட கண் மட்டும் கேத்திலுக்குள்ள போகக் கூடாது. அண்டு தொடக்கம் கிழமைக்கு ஒருக்கா, நான் வெளியில போன நேரம் பாத்து, கேத்திலுக்குள்ள தேசிக்காய்க் கோதைப் போட்டுக் கொதிக்க வச்சு ஊத்தியிருக்கிறா. இருபத்தாறு வருசம்! ஒரு கிழமை தப்பயில்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்த கிழமை கூட. "அந்தக் கிழமைதான் வசதியா இருந்தது," எண்டா.

ருசி மெய். அதில ஒரு பொய்யும் இல்ல. தண்ணி தேன்தான். ஆனா தேனுக்குள்ள சுண்ணாம்பு இருந்திருக்கு.

உப்புத்தண்ணி மாப்பிள்ளைக்கு இதைவிட ஒரு நாள் வருமா சொல்லுங்க? எத்தினை வருசப் பட்டம்! மச்சான்மார் ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுக்கோணும் எண்டு ஃபோனைத் தேடினன். அப்பத்தான் சுபாட முகத்தைக் கண்டன். தொட்டியில கையை வச்சுக்கொண்டு, ஒவ்வொரு பொட்டாப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நாளைக்கு வாற மனிசன் கேட்டது ஒரே ஒண்டு. தண்ணி நல்லமா?

ஃபோனைச் சட்டைப் பைக்குள்ள போட்டன்.

"என்னகா பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்? தோய்க்கிற துணியைக் கொண்டு வா," எண்டு மகளட்டச் சொன்னா மனோ. மறுகா என்னைப் பாத்து, "நீங்க நாளைக்கு முடியும் வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. பேப்பரிலயும்," எண்டா.

மூண்டு பேரும் சேந்து திரும்பவும் புளி போட்டு, திரும்பவும் அலசி, இந்தமுறை ஒரு துளியும் காய விடாமத் துடைச்சம். நான் ஒரு பக்கம், சுபா ஒரு பக்கம், நடுவில மனோ. என்ட நல்ல சாறன் முழுக்க முடிஞ்சு போயிட்டு. அந்த வளவில நாங்க மூண்டு பேரும் அப்பிடிச் சிரிச்சு எத்தினையோ காலம். ஒரே ஒரு மூலை மட்டும் மங்கலா நிண்டிட்டு. அது படிஞ்சதில்ல, கண்ணாடியே அரிச்சுப் போயிட்டு, இனி ஒரு புளியும் கேக்காது எண்டா மனோ. அதையும் என்ட உப்புத்தாள் கீறலையும் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சம்.

அண்டு பின்னேரம் ராசன் ஒரு வாளியில கப்பி மீன் கொண்டு வந்தான். சுண்ணாம்புத் தண்ணி எண்டாக் கப்பிக்கு நல்ல விருப்பமாம். உப்புத்தாளுக்குப் பிராயச்சித்தம்.

ஞாயிற்றுக்கிழமை. சம்மந்தி வந்தார். நல்ல உயரமான, நல்லாக் கதைக்கிற மனிசன். கதிரையில இருக்க முதலே தொட்டிக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சார்.

"மீன் அந்தரத்தில நீந்துற மாதிரி இருக்கு. இது என்ன, போத்தில் தண்ணியா?"

குசினி வாசல்ல தட்டோட மனோ. அவவுக்குப் பின்னால சுபா.  இருபத்தாறு வருசத்தில அந்த வீட்டிட மானம் முதல்முறையா என்ட வாயில. இந்த வாயில!

"கிணத்துத் தண்ணிதான்," எண்டன். "நான் உப்புத்தண்ணி ஊரான். நல்ல தண்ணி எது எண்டு என்னட்டக் கேளுங்க." துடைச்ச கிளாஸில ஒரு கிளாஸ் நிரப்பிக் குடுத்தன்.

குடிச்சார். ஒரு நிமிசம் கூரையைப் பாத்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார்.

எனக்கு எங்கட அப்பா ஞாபகம் வந்தார்.

சம்மந்தி அம்மா மனோவுக்கு ஒத்தாசையாக் குசினிக்குள்ள போனா. கொஞ்ச நேரத்தில உள்ளுக்கு ஒரு சிரிப்புச் சத்தம். சும்மா சிரிப்பில்ல, சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. பொம்பிளையள் ஒத்துப்போயிட்டாங்க, இனி நாளை வைப்பம் எண்டு சம்மந்தி கலண்டரைக் கேட்டார். ஆவணியில வச்சாச்சு.

அவங்க போன பிறகு மனோ சொன்னா. உள்ளுக்குப் போன சம்மந்தி அம்மாட கண் நேரே யன்னலுக்குத்தான் போயிருக்கு. ஐஸ்கிரீம் பெட்டி! அந்த அவதியில ஒளிக்க மறந்திட்டம். அவ மூடியைத் திறந்து பாத்து, மனோட முகத்தைப் பாத்து, குரலைக் குறைச்சுக் கேட்டாவாம்:

"நீங்களுமா மச்சாள்?"

அவங்கட வீட்டில கோதுக்கு மாஜரின் பேணியாம்.

இதெல்லாம் எழுதலாமா எண்டு மனோட்டக் கேட்டன். தாராளமா எழுதுங்க எண்டா. சம்மந்தி இந்தப் பேப்பர் எடுக்கிறவர்தான், ஆனா விளையாட்டுப் பக்கம் மட்டும்தான் வாசிப்பாராம். என்ட பத்தியை ஒருநாளும் வாசிச்சதில்ல எண்டு எனக்கு முன்னாலயே, என்ட வீட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, சந்தோசமாச் சொன்னார்.

வாசலால இறங்கக்குள்ள என்ட தோள்ல கையைப் போட்டு இன்னொண்டும் சொன்னார். உங்கட தண்ணி நல்லம்தான், ஆனா எங்கட மனிசிட வீட்டுக் கிணத்தை அடிக்க ஏலாது... முப்பது வருசமா ஒரே கேத்தில், உள்ளுக்குப் பாத்தா வாங்கின அண்டைக்கு இருந்த மாதிரியே இருக்கு எண்டு.

நான் கேற்றைத் திறந்து விட்டன். அவருக்கும் ஒரு நாள் சும்மா ஒரு தொட்டி கிடைக்கட்டும்.